அகபு சொன்னதும் கூட இருந்தவர்கள் சொன்னதும்

அன்புள்ள தோழிக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சாயங்காலம் தவறாமல் நடக்கப் போகிறார். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம். நம்மோடு சாராள் தக்கர் கல்லூரி விடுதியில் இருந்தவர்களில் இரண்டு பேர் வந்து போனார்கள். உன்னைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

சரி, உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வட இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போகும்படி கர்த்தர் தன்னிடம் பேசினார் என்கிறான் அவன். நீ ஜெபத்துக்குப் போகும் இடத்து அக்காவோ, “வடக்கே இருட்டாகக் காட்டுகிறார், பிள்ளையை அனுப்பாதே” என்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை, இதில் எது கர்த்தருடைய சத்தம் என்று கேட்டிருக்கிறாய்.

வாசித்தவுடன் எனக்கு அப்போஸ்தலர் 21-ம் அதிகாரம்தான் ஞாபகம் வந்தது. பவுல் எருசலேமுக்குப் போகிற வழியில் செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் தங்கியிருக்கிறார். அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவனை எருசலேமில் இப்படியே கட்டுவார்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொல்கிறார் என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. போகாதே என்று அவன் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று அழுது கெஞ்சியது கூட இருந்தவர்கள், இதை எழுதிய லூக்காவையும் சேர்த்து. ஆவியானவர் சொன்னது, கட்டுகள் காத்திருக்கின்றன என்பது. அதோடு அன்பு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

அதற்கு முன்னாலேயே தீரு பட்டணத்துச் சீஷர்கள், எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று ஆவியின் ஏவுதலினாலே சொன்னதாகவும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதை நான் தாண்டிப் போக விரும்பவில்லை. பவுலும் ஆவியிலே கட்டுண்டவனாய்ப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஒரே ஆவியானவர் இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பேசுவாரா? செசரியாவில் நடந்ததைப் பார்த்த பிறகு, தீருவிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வரப்போகும் பாடு அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. பாசம் அதைத் தடையாக மாற்றிவிட்டது.

ஆகையால் அந்த அக்காவை நீ சந்தேகப்பட வேண்டாம். அவருக்கு இருட்டு தெரிந்தது உண்மையாகவே இருக்கட்டும். ‘அனுப்பாதே’ என்பதும் காட்டப்பட்டதுதானா, அல்லது உன் முகத்தைப் பார்த்து அவர் மனம் சேர்த்துக்கொண்டதா என்று அவரிடமே அன்பாகக் கேள். கேட்பது அவமரியாதை இல்லை. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுல்தான், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். சோதிக்கக்கூடாத தீர்க்கதரிசனம் என்று ஒன்று சபையில் கிடையாது. ‘கர்த்தர் சொன்னார்’ என்றதும் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் நம்மிடம் வளர்ந்துவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம்.

உன் மகனையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஆபிரகாமுக்குச் சொன்ன வசனம் வந்தது என்கிறான். எனக்கும் அந்த அட்டை பிரியம்தான். பழைய அட்டைகள் எல்லாம் என் வேதாகமத்துக்குள் இருக்கின்றன. ஆனாலும் ஒரு தட்டிலிருந்து கைக்கு வந்த வசனத்தை வைத்து மட்டும் வேலையை விடக்கூடாது. எரேமியா 29:11 எத்தனை பேருக்கு அட்டையில் வருகிறது! எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படி என்று சந்தோஷமாக வாசிக்கிறோம். அதற்கு முந்தின வசனம், சிறைப்பட்டுப் போனவர்கள் பாபிலோனில் 70 வருஷம் இருக்க வேண்டும் என்கிறது. அட்டையில் அதற்கு இடமில்லை. அவன் அந்த அதிகாரம் முழுவதையும் உட்கார்ந்து வாசிக்கட்டும்.

அப்புறம், நம்ம ஊர் அசரியா அத்தியட்சரை, அதாவது பிஷப் அசரியாவைப் பற்றி அவனுக்குச் சொல். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களே மிஷனரிகளை அனுப்பித் தாங்குவதைப் பார்த்து, நம் சபை ஏன் இதைச் செய்யவில்லை என்று மனதில் குத்துண்டார். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கும் போய்விடவில்லை. மற்றவர்களோடு பேசினார், ஜெபித்தார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. சங்கம் தன் மிஷனரியைத் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்கு அனுப்பியது. இவர் செயலாளராக இருந்து வேலை செய்தார். மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்த அவர், 1909-ல் தாமே அங்கே போனார். தெலுங்கு கற்று, அந்தக் கிராம மக்கள் நடுவில் வாழ்ந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். யாழ்ப்பாணத்தில் கேட்டதற்கும் தோர்ணக்கலுக்குப் போனதற்கும் நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் அழைப்பு ஆறிப்போகவில்லை, தெளிவாகிக்கொண்டே வந்தது. கர்த்தருடைய சத்தமாக இருந்தால் காத்திருப்பதால் அது செத்துவிடாது என்பதற்கு எனக்கு இவரைவிட நல்ல சாட்சி தெரியாது.

மக்கெதோனியாவுக்கு வரும்படி துரோவா பட்டணத்தில் பவுலுக்கு ராத்திரியில் தரிசனம் வந்தபோதும் அப்படித்தானே? தரிசனம் பார்த்தது பவுல் ஒருவர்; கர்த்தர் அழைக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டது கூட இருந்த எல்லாரும். தரிசனத்தில் வந்தது ஒரு மக்கெதோனிய ஆண். போய்ச் சேர்ந்தால் பிலிப்பியில் ஆற்றங்கரையில் பெண்கள்தான் கூடியிருந்தார்கள். லீதியாளின் இருதயம் திறந்தது. அழைப்பு சரியாக இருந்தும், நினைத்தபடி எதுவும் இருக்கவில்லை. உன் மகன் இதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

‘எனக்குச் சமாதானமே இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அதையே கர்த்தருடைய பதிலாக எடுத்துக்கொள்ளாதே, அம்மா. நாம் எல்லாரும் சமாதானம் இருந்தால் கர்த்தர், இல்லாவிட்டால் தடை என்று பேசிப் பழகிவிட்டோம். எரேமியா 32-ஐப் பார். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, எரேமியா தீர்க்கதரிசியோ காவல்சாலை முற்றத்தில். பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்பான் என்று கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தார். அவன் வந்து நின்ற பிறகுதான், “அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்” என்கிறார். தீர்க்கதரிசிக்கே அந்த நிச்சயம் அப்போதுதான் வந்தது. 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி முத்திரை போட்டார். அத்தனையும் முடித்த பிறகு ஜெபத்தில், நகரம் முற்றுகை போட்ட கல்தேயர் கையில் போகிறதே, நீர் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று கலங்குகிறார். கீழ்ப்படிந்தவருக்கே அந்தக் கலக்கம் இருந்தது. உன் கலக்கம் பெற்ற வயிற்றின் கலக்கமாகவும் இருக்கலாம். அதை மறைக்காமல் கர்த்தரிடம் சொல்லு, அது போதும்.

என் அனுபவத்தில் இவ்வளவு ஆராய வேண்டிய சத்தங்கள் குறைவு. காலையில் வேதம் வாசிக்கும்போது ஒருத்தர் பெயர் மனதில் வந்து நிற்கும், போய்ப் பார்ப்பேன். எதிர்த் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியை அப்படிப் போய்ப் பார்த்தபோது காய்ச்சலில் படுத்திருந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இதற்கு உபவாச ஜெபம் தேவையில்லை, அந்த நினைப்பு என் நினைப்பாகவே இருந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. கேட்ட சத்தத்துக்கு யார் விலை கொடுக்கப்போகிறார்கள் என்று பார்ப்பேன். என் நேரமும் என் காசும்தான் என்றால் சீக்கிரம் கீழ்ப்படியலாம். அடுத்தவர் தலையில் விடிகிறதாக இருந்தால் நிறையச் சோதிக்க வேண்டும். உன் மகன் விலையைத் தானே கொடுக்கத் தயாராக இருக்கிறான்; அது எனக்கு நல்ல அடையாளமாகப் படுகிறது. வீட்டுக் கடனில் அவன் பங்கை யார் கட்டுவது என்று மட்டும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

நான் சொல்வது இதுதான். அவன் இப்போதைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். உங்கள் சபைப் போதகரான சேகரகுருவிடம் போய் மனம் விட்டுப் பேசட்டும். லீவு போட்டு, பணித்தளம் ஒன்றில் சில வாரம் தங்கி, அங்கே பல வருஷமாக இருக்கிறவர்களோடு வேலை செய்து பார்க்கட்டும். அவர்கள் அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். திரும்பி வந்த பிறகும் அதே வாஞ்சை இருந்தால், செசரியாவில் இருந்தவர்கள் கடைசியில் சொன்னதையே நீயும் சொல்ல வேண்டியிருக்கும்: “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது.” அவர்கள் அழுதுவிட்டுத்தான் அதைச் சொன்னார்கள். நீயும் அழுதுகொள்.

எங்கள் சபையில் அடுத்த மாதம் அசன விருந்து. அவனையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு நாள் தங்குகிறது போல வா. பணித்தளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவரோடு இவனை உட்கார வைக்கலாம். ரயிலில் இடம் கிடைத்ததும் போன் பண்ணு, என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வருவார்.

பிரியமுள்ள,
உன் தோழி
பாளையங்கோட்டை