செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஸ்கிம்மரை நாமே சீர்செய்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. புயலால் டிசம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதி, கடல்மீன் டேங்கின் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் மேல்தான் போனது, போனது வீணாகவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மீன் சாப்பிட்டு மிச்சம் வைத்ததும், கழித்ததும் தண்ணீரில் கரைந்து, அழுகி அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகின்றன. அப்படி மாறுவதற்கு முன்பே அவற்றை வெளியே எடுத்துவிடுவதுதான் ஸ்கிம்மரின் வேலை. கரைந்த கழிவில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை விலகும். அதனால் அவை காற்றும் தண்ணீரும் சேரும் இடத்தில், அதாவது குமிழியின் மேற்பரப்பில், ஒட்டிக்கொள்கின்றன. குமிழி மேலேறி நுரையாகி, ஸ்கிம்மரின் உச்சியிலுள்ள கப்பில் வழிந்துவிடும். ஒரு லிட்டர் காற்றைப் பாதி விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் ஒட்டும் பரப்பு இரண்டு மடங்காகிவிடும். உப்புத்தண்ணீரில் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று சேராது. நல்லதண்ணீர் டேங்கில் ஸ்கிம்மர் எடுபடாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

காற்றை இழுத்துத் தண்ணீரோடு ஸ்கிம்மருக்குள் தள்ளுவது அதன் பம்புதான். நுரை குறைந்தால் உடனே பெரிய பம்பு வாங்குவது நம்மிடையே இருந்த பழக்கம். அது நம் ஊருக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. பம்பின் சூடு முழுக்கத் தண்ணீருக்குத்தான் போகிறது. மே மாதத்தில் புதுச்சேரி வீடுகளில் டேங்க் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும். இருக்கிற பம்பையே கூடுதல் காற்று இழுக்க வைப்பதுதான் சரியான வழி.

சரி, எவ்வளவு காற்று இழுக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி? இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றில் லிட்டர் அளவுக்கு மார்க்கரில் கோடு போட வேண்டும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைப் பாட்டிலுக்குள் அடிப்பகுதி வரை விட்டு, பாட்டிலைத் தலைகீழாக வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். ஸ்கிம்மர் காற்றை உறிஞ்ச உறிஞ்சப் பாட்டிலுக்குள் தண்ணீர் ஏறும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கும்படி பாட்டிலைக் கீழே அழுத்திக்கொண்டே, ஒரு லிட்டர் தீர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் போதும். தண்ணீர் குழாய் வாயைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும். மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் அளந்து குறித்து வைக்காத எவருடைய வேலையையும் இனி நம் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தோம். இந்த ஆண்டின் ஆகச் சிறந்த முடிவு அதுதான்.

அதிகம் பேர் செய்தது, பம்புக்குள் சுழன்று காற்றைக் குமிழிகளாக உடைக்கும் இம்பெல்லரில் வலை கட்டும் வேலை. ஊசி ஊசியாக இருக்கும் இம்பெல்லரின் ஊசிகளை வெட்டிவிட்டு, மிஞ்சும் வட்டில் துளை போட்டு, முறுக்கு நைலான் வலையை இரண்டு அடுக்காக வைத்துத் தங்கூசியால் (தூண்டில் நரம்பால்) இறுக்கிக் கட்டுகிறோம். மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் விரிக்கும் வகை வலை இதற்கு ஏற்றது. கம்பி மட்டும் கூடவே கூடாது. இரும்பு துருப்பிடிக்கும், செம்பு கரைந்தால் இறால் வகைகள் செத்துப்போகும். கட்டிய வலையைக் கத்தரியால் வட்டமாகச் சீவி, பம்பின் உட்சுவரில் உரசாமல் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் பம்பு கடகடக்கும், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் சீக்கிரம் தேயும். அமெரிக்காவில் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றாதீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நாம் பயன்படுத்தும் சாதாரண பம்பு அங்கே நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றினால் இங்கே 3000தான். அவர்கள் சொல்லும் காற்றின் அளவு நமக்குக் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்தது. தெருவெல்லாம் தண்ணீர், மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பு வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து மீன்களைக் காப்பாற்றினார்கள். அந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. கரண்ட் வந்த பிறகுதான் வேறு சிக்கல்கள் தெரிந்தன. வலையை அதிகம் கட்டிய பம்புகள் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றன. இன்னொன்று, மேல் டேங்கின் தண்ணீர் இறங்கி, ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியான சம்ப் நிரம்பியிருந்ததால், ஆழத்தில் நின்ற ஸ்கிம்மர்கள் போட்டவுடன் கப் நிரம்பி வழிந்து, எடுத்த அழுக்கையெல்லாம் திரும்பச் சம்பிலேயே கொட்டின.

இரண்டுக்கும் வழி கண்டாயிற்று. வலை கட்டிய பம்பைச் சுவிட்சைப் பல முறை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவை திணறினாலும் வலையில் ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். கப்பின் கீழ்த்துளையிலிருந்து குழாய் எடுத்து வெளியே ஒரு கேனில் விட்டுவிட்டால் வழிந்தாலும் சம்புக்குப் போகாது. சம்பில் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்து, ஸ்கிம்மர் நிற்கும் அறையில் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் விட முக்கியம். மட்டம் தினமும் ஏறி இறங்கினால் எவ்வளவு நல்ல ஸ்கிம்மரும் ஒரு நாள் வெறும் தண்ணீரை வழிக்கும், மறுநாள் ஒன்றுமே எடுக்காது.

சிறு வேலைகளில் மிகுந்த பலன் தந்தது வெளியேறும் குழாயில் பால் வால்வை எடுத்துவிட்டுக் கேட் வால்வு போட்டது. பால் வால்வு அரைக்கால் திருப்பினாலே மட்டம் தாறுமாறாகப் போகும். கேட் வால்வில் மயிரிழை அளவு நகர்த்தலாம். அப்புறம், கப்பின் கழுத்தில் படியும் பிசுக்கு நுரையை உடைத்துவிடும். வாரம் ஒரு முறையாவது துடையுங்கள். காற்றுக் குழாயின் வாயில் உப்புப் படிந்து அடைத்தால் வெந்நீரும் வினிகரும் போதும். புது அக்ரிலிக் ஸ்கிம்மர் சீராக நுரைக்கச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும், அதற்குள் வால்வைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் துண்டுகளைக் குளோரோஃபார்மால் ஒட்டிச் சிலர் முழு ஸ்கிம்மரே செய்தார்கள். அழகாக வந்திருக்கிறது. ஆனால் ஏசி போட்ட மூடிய அறையில் ஒட்டக்கூடாது, மொட்டை மாடிதான் சரியான இடம்.

மழைக்காலத்தில் தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் ஆற்றுநீர் கலப்பதால் கடல்நீரின் உப்பு குறையும், அளக்காமல் டேங்கில் ஊற்ற வேண்டாம். பவளம் 2001இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடலிலிருந்து எடுத்த பவளத்துக்கு நம் சங்கத்தில் இடமில்லை. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்தே வளர்த்திருக்கிறார்கள். முடிந்தவரை அப்படி வளர்ந்த மீன்களையே வாங்குவோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். கேட் வால்வுகளும் நைலான் வலையும் சங்கச் செலவில் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் கொடுப்பது ஒன்று. அடுத்த மழைக்காலத்துக்கு முன் சங்கத்துக்கென்று பேட்டரி காற்று பம்புகள் வாங்கி, புதுச்சேரியில் ஒரு வீட்டிலும் கடலூரில் ஒரு வீட்டிலும் இரவல் தரத் தயாராக வைப்பது மற்றொன்று. பொதுக்குழு இரண்டுக்கும் ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.