இட்லியை ஒதுக்கிவைத்த என் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் ஆயா உனக்கு நாலு இட்லி வைத்தார்கள். நீ ஒன்றில் பாதியைப் பிட்டுத் தின்றுவிட்டு, "இதெல்லாம் வெறும் கார்ப், மாவுச்சத்து, அத்தை" என்று தட்டை நகர்த்தினாய். மத்தியானமும் சோறு வேண்டாம் என்றாய். வெள்ளரிக்காயும் ஒரு டம்ளர் டீயும் போதும் என்றாய். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பத்து நிமிஷம் நடந்ததும் மூச்சு வாங்கி மணலில் உட்கார்ந்தாய். அப்புறம் பையிலிருந்து ஒரு புரோட்டீன் பாரை எடுத்துப் பிரித்தாய். ஆயா எதிரில் உன்னிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னைக் கேட்டுக்கொண்டுதான், பெயர் போடாமல், எல்லோரும் படிக்கிற இடத்தில் வைக்கிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

உனக்கு விவரம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. கலோரி, நார்ச்சத்து எல்லாம் என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறாய். ஆனால் நீ தெரிந்துகொண்டதெல்லாம் எதை விடுவது என்பதாகவே இருக்கிறது. சோற்றை விடு, எண்ணெயை விடு, இட்லியை விடு. பதினாறு வயது உடம்புக்கு என்னென்ன வந்து சேர வேண்டும் என்று உன் ரீல்ஸில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நீ ஒதுக்கிய இட்லியையே எடுத்துக்கொள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. அவற்றில் ஒன்றான லைசின் அரிசியின் புரதத்தில் குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைவாக உள்ள இன்னொன்றான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. மாவு புளிக்கும்போது, தானியத்தில் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. ஆயா ராத்திரி மாவு கரைத்து வைப்பதில் இவ்வளவும் நடக்கிறது. கூடவே ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டால் பருப்பும் சேர்ந்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை இரும்புச்சத்துதான். உன் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது 2020இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100 பேருக்கு 59 பேர் ரத்தசோகையோடு இருந்தார்கள். வெள்ளரிக்காய் பெரும்பாலும் தண்ணீர், அதில் இரும்பு எங்கே இருக்கிறது? அதோடு டீ குடித்தால், மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள். முருங்கைக்கீரை தின்னும் நாளில் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூடச் சேரட்டும், அந்த வைட்டமின் சி இரும்பை உள்ளே சேர்க்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். காலேஜில் சேர்ந்த வருஷம் இடுப்பு குறைய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டேன். ஆறு மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு நாள் பஸ்ஸில் மயங்கி விழுந்தேன். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4, 12 இருக்க வேண்டிய இடம் அது. தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. உன் அப்பாவிடம் கேள், அவர்தான் என்னை டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டியூஷன் வாசலில் தோழிகள் சிப்ஸும் கூல்டிரிங்ஸும் வாங்கும்போது நீ மட்டும் விலகி நிற்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. சேர்ந்து தின்பதில் ஒரு சந்தோஷம் உண்டு, அதை நான் கெடுக்க மாட்டேன். என்றைக்காவது ஒருநாள் என்றால் சரி. 300 மில்லி கூல்டிரிங்கில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இப்படிப்பட்ட தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இலேயே விதி வந்துவிட்டது. அதைக் கவனிக்க வேண்டியது பெரியவர்கள், அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றக் கூடாது.

அந்தப் புரோட்டீன் பாரின் உறையைத் தூக்கிப் போடாதே. உள்ளடக்கப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். குளுக்கோஸ் சிரப் எத்தனையாவது என்று சேர்ந்து பார்ப்போம். அப்புறம், எங்கேயாவது போய் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு வந்துவிடலாம்.

வரும் ஞாயிறு காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் நெத்திலி வாங்கிவருகிறேன். முள்ளோடு தின்கிற மீன், எலும்புக்கு நல்லது. நீ எழுந்திருந்தால் கூட வா, இல்லையென்றால் வந்து எழுப்புகிறேன்.

உன் அத்தை