352 என்ற எண்ணை நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். பழைய ஃபோர்டு பிக்கப்புகள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன், ஆனால் எஞ்சின் பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள வார்ப்பு உடலின்) முன்பக்கம் 352 என்று இருந்தால் அது 352 கன அங்குல எஞ்சின்தான் என்று எழுதியிருப்பது தவறு. எஃப்இ (FE) என்ற ஃபோர்டு V8 எஞ்சின் குடும்பத்தின் 360, 390 எஞ்சின்கள் பலவற்றிலும் அதே எண்தான் வார்த்திருக்கும்.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எஃப்இ-யில் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) இரண்டு பக்கமும் வால்வு கவருக்கு அடியில் நுழைந்து போகும், வால்வுகளை இயக்கும் புஷ்ராடு தண்டுகளே அதிலுள்ள துளைகள் வழியாகத்தான் மேலே வரும். ஃபோர்டின் இன்னொரு V8 குடும்பமான விண்ட்சர் எஞ்சினில் இப்படி இருக்காது.

கஷ்டம் அப்புறம்தான். 1968-ல் டிரக்குகளுக்கென்று வந்த 360-ஐயும் 390-ஐயும் வெளியே பார்த்துப் பிரிக்க முடியாது, இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 4.05 அங்குலம். ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு: 360-க்கு 3.5 அங்குலம், 390-க்கு 3.78. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய மரக்குச்சி ஒன்றைப் பிஸ்டன் மேல் நிறுத்தி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, குச்சி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். பிளக் துளை சாய்வாக இருப்பதால் துல்லியமாக வராது, ஆனாலும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்பதால் தெரிந்துவிடும்.

390 என்று சொல்லி 360-ஐ விற்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்