பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளியைப் பிடியுங்கள்: மனிதவள அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மாண்புமிகு மனிதவள அமைச்சர், புத்ராஜெயா
நகல்: மாண்புமிகு உள்துறை அமைச்சர்
பொருள்: ஆவணமற்ற அந்நியத் தொழிலாளர்களைக் குறைந்த கூலிக்கு வைத்து உள்ளூர்க்காரர்களின் வேலையைப் பறிக்கும் முதலாளிகள், குத்தகையாளர்கள் மீது நடவடிக்கை கோருவது

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

கிள்ளான், காப்பார், மேரு வட்டாரத்தில் கிடங்குகளிலும் லோரிகளிலும் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். பெரும்பாலும் தமிழர்கள், கூடவே வேலை பார்த்த மலாய்க்கார நண்பர்களும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் நீல ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கிற மலேசியக் குடிமக்கள். எங்கள் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன, அவை யாரிடம் போகின்றன, ஏன் போகின்றன என்பதை நாங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறோம், அதை அப்படியே உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்கும் அதுதான் சட்டம். அதை 26 நாளால் வகுத்தால் எட்டு மணி நேர வேலைக்கு 65 வெள்ளி சொச்சம். கிடங்கு வேலை எட்டு மணி நேரத்தில் முடிவதில்லை, துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் தாமதமாக வந்தால் இன்னும் நாலு மணி நேரம் நிற்க வேண்டும், அந்த நாலு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்று போட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 114 வெள்ளி வருகிறது. இதற்கு மேல் முதலாளி எனக்கு இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு, அதாவது மாதம் 221 வெள்ளி கட்ட வேண்டும், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி கட்ட வேண்டும், பொது விடுமுறைக்கும் மருத்துவ விடுப்புக்கும் சம்பளம் தர வேண்டும். பெர்மிட் இல்லாத ஒருவருக்கு அதே பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குத்தகையாளர் கையில் கொடுப்பது 60 வெள்ளி. அவ்வளவுதான். இபிஎஃப் இல்லை, சொக்சோ இல்லை, கையில் பெட்டி விழுந்து விரல் நசுங்கினால் மறுநாள் வேறு ஆள். அந்த அறுபதையும் மாதக் கடைசியில் பிடித்துக்கொண்டு தராமல் விட்டால் அவர் எங்கே போய்க் கேட்பார்? போலீஸுக்குப் போனால் அவர்தான் உள்ளே போவார்.

இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் வேலை போகிறது.

நான் வேலை செய்த கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஏற்றி இறக்கும் வேலையை நிறுவனம் ஒரு குத்தகையாளரிடம் விட்டது. எங்களை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை, "குத்தகையாளரிடம் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், வேலை அதேதான்" என்றார்கள். போய்க் கேட்டால் நாள் கூலி, சம்பள ரசீது கிடையாது, இபிஎஃப் கிடையாது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வைத்துக்கொண்டு அந்தக் கூலிக்கு யார் நிற்க முடியும்? ஒவ்வொருவராக விலகினோம். சில வாரங்களில் அந்த இடம் முழுக்க வங்காளதேசத்துக்காரர்களும் மியன்மார்க்காரர்களும் நின்றார்கள். சிலரிடம் பெர்மிட் இருந்தது, ஆனால் வேறு முதலாளியின் பெயரில், சிலரிடம் எதுவுமே இல்லை. நிறுவனத்தின் ஏட்டில் ஒரு அந்நியத் தொழிலாளியும் இல்லை, ஏனென்றால் அவர்கள் எல்லாரும் "குத்தகையாளருடைய ஆட்கள்".

சட்டம் எங்கள் பக்கம் இல்லை என்று சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எம் பிரிவு, அந்நியத் தொழிலாளியை வைப்பதற்காக உள்ளூர்க்காரரை நீக்கக் கூடாது என்கிறது. 60என் பிரிவு, ஆள் குறைப்பு வந்தால் முதலில் அந்நியத் தொழிலாளிகளைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறது. 2023 தொடக்கத்திலிருந்து அமலில் இருக்கும் திருத்தத்தின்படி, தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் அந்நியத் தொழிலாளியை எடுக்கவே முடியாது. எல்லாம் நல்ல சட்டங்கள்தான், ஆனால் நடுவில் ஒரு குத்தகையாளரை வைத்துவிட்டால் இவற்றில் ஒன்றும் வேலை செய்யாது. நீக்கியது யார், வைத்தது யார் என்றே காட்ட முடியாமல் போகிறது. புகார் கொடுத்தால், நீங்களாகத்தானே விலகினீர்கள் என்று கேட்கிறார்கள்.

அப்புறம், உள்ளூர்க்காரர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை, அழுக்கு வேலை, கடின வேலை என்றால் ஓடிவிடுகிறார்கள் என்று முதலாளிகள் உங்களிடம் வந்து சொல்கிறார்களே, அதைப் பற்றி. ஜொகூர் பாலத்தில் விடிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள் ஐயா. மோட்டார் சைக்கிளில் வரிசை வரிசையாக சிங்கப்பூருக்குப் போகிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அங்கே போய் அவர்கள் அலுவலக நாற்காலியிலா உட்காருகிறார்கள்? கிடங்கு, தொழிற்சாலை, துப்புரவு, லோரி என்று இங்கே செய்ய மாட்டார்கள் என்று சொல்லப்படும் அதே வேலையைத்தான் அங்கே செய்கிறார்கள். வேலை கடினம் என்பதால் யாரும் ஓடவில்லை, அந்தக் கடினத்துக்கு ஏற்ற கூலி இங்கே இல்லை. அந்நியத் தொழிலாளர்களைக் கேட்பதற்கு முன் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் காலியிடத்தை விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, நாங்களும் அதில் விண்ணப்பம் போட்டுப் பார்த்தோம், நேர்முகத்துக்குக்கூட யாரும் அழைக்கவில்லை. உள்ளூர்க்காரர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஏன் மறுக்கப்பட்டார்கள் என்று உங்கள் அமைச்சு சரிபார்த்த பிறகுதான் அனுமதி தர வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இந்த மனுவை யாரும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. எங்கள் கோபம் அந்தத் தொழிலாளிகள் மீது இல்லை. அவர்களில் பலர் விமானத்தில், முறையான விசாவோடு, இந்த நாட்டின் அனுமதியோடுதான் வந்தவர்கள். ஊரில் நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் சொன்ன வேலை இல்லை, சொன்ன நிறுவனமே இல்லை. 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில் 171 வங்காளதேசத் தொழிலாளர்கள், வந்த நாளிலிருந்து வேலையே தரவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க நடந்தே போனார்கள். வழியிலேயே அவர்களைப் பிடித்தார்கள். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது, அந்த முதலாளி ஏமாற்றினாலும் அடித்தாலும் அவரை விட்டு வெளியே காலை வைத்த நொடியே அந்த மனிதர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுகிறார். இப்படி அவர்களை ஆவணமற்றவர்களாக ஆக்கி, பிறகு ஆவணமற்றவர்கள் என்பதையே காட்டி அரைக் கூலிக்கு வேலை வாங்குகிறார்கள். வழக்குப் போட்டால் குடிநுழைவுத் துறை தருவது சிறப்பு பாஸ், மாதத்துக்கு 100 வெள்ளி கட்டி வாங்க வேண்டும், அதை வைத்துக்கொண்டு வேலை செய்யவும் முடியாது. வேலை செய்யாமல், சாப்பிடாமல் எத்தனை மாதம் ஒருவர் வழக்கு நடத்துவார்?

தமிழர்களாகிய எங்களுக்கு இது புதிய கதையும் இல்லை. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969க்குப் பிறகு கடுமையாக அமலானபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. கிடைக்காதவர்கள் பல்லாயிரம் பேர், பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினார்கள். ஒரு காகிதம் இல்லை என்பதால் மனிதனின் மதிப்பு எவ்வளவு கீழே போகும் என்பது எங்கள் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிற விஷயம்.

அதற்கடுத்த தலைமுறைக்கு நடந்ததுதான் இப்போது எங்களுக்கு நடப்பதற்கு முன்னோட்டம். எண்பதுகளில் பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது தோட்ட நிர்வாகங்கள் வேலையைக் குத்தகையாளர்களிடம் விட ஆரம்பித்தன, குத்தகையாளர்கள் கடல்வழியாக வந்த இந்தோனேசியர்களை வைத்தார்கள். 1984இல் மேடானில் இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் போட்ட பிறகும் ஆவணமில்லாமல் வருவது நிற்கவில்லை, ஏனென்றால் குத்தகையாளருக்கு அதுதான் மலிவு. சங்கம் பேசி வாங்கிய கூலியெல்லாம் சங்கத்தில் இல்லாத ஆளின் முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. வேலை போனால் தோட்டத்து லயத்து வீடும் போகும், கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பின்னால் விட்டுப் போகும். அப்படித்தான் எங்கள் பெற்றோர் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வந்து புறம்போக்கில் குடிசை போட்டார்கள். அன்றைக்கும் பழி இந்தோனேசியர் மீது விழுந்தது, லாபம் வேறு இடத்துக்குப் போனது.

அந்நியத் தொழிலாளர்களால் நாட்டுக்கு நன்மை என்று ஆய்வுகள் சொல்வதும் தெரியும். உலக வங்கி 2015இல் மலேசியா பற்றி வெளியிட்ட ஆய்வும், மொத்தமாகப் பார்த்தால் மலேசியர்களுக்கு வேலை கூடுகிறது என்றுதான் சொன்னது. ஆனால் அதே ஆய்வு, மிகக் குறைந்த படிப்பு உள்ளவர்களின் சம்பளம் மட்டும் இறங்குகிறது என்றும் சொன்னது. அந்தக் குறைந்த படிப்பு உள்ளவர்கள் நாங்கள்தான் ஐயா. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிக்காதவர்கள், முடித்தும் மேலே போக வசதி இல்லாதவர்கள். மொத்தக் கணக்கில் நாடு முன்னேறுகிறது, எங்கள் வீட்டுக் கணக்கில் மாதக் கடைசி முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆவணமற்றவர்களைப் பதிவு செய்யவும் ஊருக்கு அனுப்பவும் திட்டங்கள் போட்டார்கள். 2011இல் 6பி திட்டம், 2016இல் மறுவேலை அமர்த்தும் திட்டம், 2020 கடைசியில் ஆர்டிகே என்ற மறுசீரமைப்புத் திட்டம், 2023இல் ஆர்டிகே 2.0, 2024இல் தாயகம் திரும்பும் திட்டம் என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பதிவு செய்கிறார்கள், அபராதம் கட்டுகிறார்கள், சிலர் ஊருக்குப் போகிறார்கள், அப்புறம் அதே கிடங்கில் அதே குத்தகையாளரிடம் புதிய ஆட்கள் அதே அறுபது வெள்ளிக்கு நிற்கிறார்கள். கீழே அடைக்காத தொட்டியில் மேலிருந்து தண்ணீர் இறைத்து என்ன பயன்? ஆள் மாறுகிறார், வைக்கிறவர் மாறவே இல்லை.

சோதனை நடந்தாலும் இதே நிலைதான். லோரியில் ஏற்றப்படுகிறவர் தொழிலாளி. குடிநுழைவுச் சட்டத்தின்படி அவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை தண்டனை உண்டு. அதே சட்டத்தின் 55பி பிரிவில், அவரை வேலைக்கு வைத்தவருக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் என்று எழுதியிருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் கைவிலங்கோடு உட்கார வைக்கப்பட்ட தொழிலாளிகளைப் பலமுறை பார்த்திருக்கிறோம், அவர்களை வைத்திருந்த ஒருவரைக்கூட அப்படி நாங்கள் பார்த்ததில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. ஆவணமற்றவர்களை வைத்திருப்பது பிடிபட்டால் குத்தகையாளர் மட்டுமல்ல, வேலை யாருடைய இடத்தில் நடக்கிறதோ அந்த நிறுவனமும் அதன் இயக்குநர்களும் 55பி பிரிவில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், அதற்கான திருத்தம் தேவையென்றால் உள்துறை அமைச்சோடு பேசிக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, எங்களுக்கு இதுதான் முக்கியம்: சம்பளம் தரவில்லை என்று ஆள்பலத் துறைக்கு (தொழிலாளர் துறை) வருகிற எந்தத் தொழிலாளியையும், பெர்மிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிநுழைவுத் துறையிடம் காட்டிக்கொடுக்காமல் புகாரை விசாரியுங்கள், அவருக்குச் சேர வேண்டிய பாக்கியை, குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில், ஓவர்டைமோடு, முதலாளியிடம் வசூலித்துக் கொடுங்கள், ஊருக்கு அனுப்பினாலும் அதைக் கொடுத்த பிறகு அனுப்புங்கள். அவருக்கு 114 வெள்ளி கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டால் அவரை வைத்துக்கொள்ள எந்தக் குத்தகையாளருக்கும் காரணம் இருக்காது.

அவர்களுக்கு ஏன் பரிந்து பேசுகிறாய், நம் வேலையைக் கேட்கிற மனுவில் அவர்கள் சம்பளம் எதற்கு என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். நான் சொன்னது இதுதான்: அவர் வாயைத் திறக்க முடியாத வரை நம் கூலி ஏறாது. கடைசியில் அப்படிக் கேட்டவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏமாற்றப்பட்டு வந்தவர், முதலாளி சம்பளம் தராமல் விட்டவர் இவர்களெல்லாம் பெர்மிட்டை இழக்காமல் வேறு முதலாளியிடம் மாற வழி செய்யுங்கள். ஏற்றி இறக்கும் வேலை, துப்புரவு இவற்றில் குத்தகைக்கு விடும்போது, முன்பு வேலை செய்த உள்ளூர்த் தொழிலாளிகளை அதே சம்பளம், அதே இபிஎஃப்போடு புதிய குத்தகையாளர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அரசாங்கப் பள்ளிகளில் துப்புரவு வேலை செய்யும் அக்காமார்களுக்கும் ஒவ்வொரு குத்தகை மாற்றத்திலும் இதே பயம்தான், அவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் சம்பள ரசீதுகள், இபிஎஃப் அறிக்கைகள், குத்தகையாளர் கூலி கொடுத்த துண்டுச் சீட்டுகளின் நகல் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். ஆவணமற்ற தொழிலாளிகளின் பெயர், அவர்கள் தங்கும் இடம் எதையும் நாங்கள் இணைக்கவில்லை, கேட்டாலும் தர மாட்டோம். கிடங்குகளின் முகவரியும் குத்தகையாளர்களின் விவரமும் தனி உறையில் இருக்கிறது, அது உங்கள் அமலாக்கப் பிரிவுக்கு மட்டும். இரவு வேலையில்தான் ஆட்கள் அதிகம், பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். எங்களில் சிலரை நேரில் அழைத்துப் பேச ஒரு தேதி கொடுத்தால் புத்ராஜெயாவுக்கு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கிள்ளான் வட்டாரக் கிடங்கு, லோரித் தொழிலாளர்கள் சார்பில்