அந்த 52 வாரங்களைப் பற்றி மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ கோல் எடுத்தபோது அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் அதிகம் பேசவில்லை. இங்கே மாரி மழை விடாமல் பெய்கிறது, வெளியே போக வழியில்லை. இன்றைக்கு ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

"நாலு வருசம் மருந்தாளர் படிப்புப் படிச்சு, இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சு, வேலையும் செஞ்சிட்டு வந்தவள், இங்க திரும்பவும் பயிலுநரா நிக்கிறன் அப்பா" என்றாய். பிரித்தானியாவுக்குப் போய் ஒரு வருட மேற்படிப்பும் முடித்துவிட்டாய். இப்போது அங்கே மருந்தாளராகப் பதிய, 52 வாரம் மருந்துக் கடையில் இன்னொருவரின் கண் முன்னால் பயிற்சி வேலை. அவரும் உன்னைவிட ஒரு வயது இளையவர். கேட்டதில் இருந்து எனக்கும் மனம் சரியில்லை, மறைக்க மாட்டேன்.

ஆனால் நானும் அப்படி நின்றவன். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். கிளினிக் நாளில் ஜன்னலுக்கு வெளியே வரிசை கேற் வரை நிற்கும். நான் குளிசையை எண்ணி உறையில் போட்டு, மேலே எழுதிக் கொடுப்பேன். என்னை மேற்பார்வை செய்த பெரியவர் இரண்டடி தள்ளி நிற்பார். படுவான்கரையில் இருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தா, மூட்டு வாதம். மருந்துத் துண்டில் மெதோட்ரெக்சேட் குளிசை, கிழமைக்கு ஒருதரம். பழக்க தோசத்தில் என் கை "தினமும்" என்று எழுதிவிட்டது. உறையைக் கொடுத்தும் விட்டேன்.

பெரியவர் யாரையும் சும்மா போக விடமாட்டார். "அம்மா, இதை எப்ப குடிப்பீங்க, ஒருக்காச் சொல்லுங்க" என்றார். "ஒவ்வொரு நாளும் எண்டுதானே இந்தத் தம்பி எழுதித் தந்தது" என்றா அவ. பெரியவர் உறையை மெதுவாகத் திருப்பி வாங்கி என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. எனக்கு விரல் நடுங்கியது. அந்த மருந்தைத் தினமும் குடித்தால் இரத்தம் உண்டாகிற எலும்பு மச்சை பழுதாகும், ஆள் தப்புவதே கஷ்டம். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். புது உறை எடுத்து "புதன்கிழமை மட்டும்" என்று எழுதினேன். அதோடு சேர்த்துக் கொடுக்கிற ஃபோலிக் அமிலக் குளிசைக்கு வேறொரு கிழமையின் பெயரை எழுதினேன். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, கிழமைக்கு ஒருதரம் என்றால் நாளின் பெயரை எழுதாமல் ஒரு உறையும் என் கையை விட்டுப் போகவில்லை.

இந்தப் பழக்கம் எனக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை மகள். அவர் அன்றைக்கு அங்கே நின்றார், அதனால் வந்தது. உன்னை மேற்பார்வை செய்பவருக்கு அங்கே குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். வயதைப் பார்க்காதே. அந்த ஊர்ச் சனம் வருத்தத்தை எப்படிச் சொல்லும், எதைச் சொல்ல வெட்கப்படும் என்பது அவருக்குத் தெரியும். உனக்கு இன்னும் தெரியாது. அதைக் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொள்.

நம் பக்கத்தில் சில மருந்துக் கடைகளில் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆளைக் காணக் கிடைக்காது. மருந்தை எடுத்துக் கொடுப்பது ஓ.எல். முடித்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையில் குறை சொல்ல மாட்டேன், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க அவனுக்கு ஒருவரும் இல்லை. நீ நிற்கிற கடையிலோ அன்றைய பொறுப்பு மருந்தாளரின் பெயரை எல்லோருக்கும் தெரியும்படி போட்டிருக்கிறார்கள். உனக்குக் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

சரி, உன் பயிற்சியின் பதின்மூன்றாம் வார முன்னேற்ற அறிக்கைக்கு வருகிறேன். மேற்பார்வை செய்பவர் 13, 26, 39ஆம் வாரங்களில் மூன்று தடவை பார்த்து, கடைசியில் 52இல் கையெழுத்து. 39ஆம் வாரம் திருப்தி என்று வந்தால்தான் பதிவுப் பரீட்சை, அதற்கும் மூன்று தடவைதான் தோற்றலாம். பயமாக இருக்கும். அந்தப் பயத்தில், செய்யாத ஒன்றைச் செய்ததாகப் பயிற்சிப் பதிவேட்டில் எழுதிவிடாதே. இன்னும் சரிவராததை நீயே முதலில் அவரிடம் சொல். பிள்ளைகளுக்கான அளவு கணக்கில் அவசரத்தில் தடுமாறுகிறாய் என்று போன மாதம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், அதையும் சொல். கை தவறினால் அன்றைக்கே சொல்லிவிடு, அடுத்த நாளைக்கு வைக்காதே. எனக்கு அன்று பெரியவர் இருந்தார், அந்த அம்மா நலமாக வீடு போனா. அதை நினைக்காத கிளினிக் நாள் எனக்கு இருந்ததில்லை.

குளிருக்கு மறக்காமல் தொப்பி போடு. அப்புறம், அம்மாவுக்குப் பிரஷர் குளிசையை மாற்றியிருக்கிறார்கள். பழையதை நிறுத்தவா, இரண்டையும் குடிக்கவா என்று தெளிவாக எழுதவில்லை. நாளைக்கு மழை விட்டதும் துண்டைக் கொண்டுபோய்க் கேட்கப் போகிறேன். படம் எடுத்து உனக்கும் அனுப்புகிறேன், நீயும் ஒருக்காப் பார்.

அன்புடன்,
அப்பா