ஞாயிறு ஒன்றுகூடலும் பழைய இதழ்களின் பாதுகாப்பும்

அன்பின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, அட்டனில் வழமையான இடத்தில் நமது காமிக்ஸ் ஒன்றுகூடல் நடைபெறும். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களை வைத்திருப்போர் தவறாமல் எடுத்து வரவும்.

தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டதால் ஒரு வேண்டுகோள். கடந்த ஆண்டு என் தகரப் பெட்டியைத் திறந்தபோது, நடுப்பக்கக் கம்பிகள் துருவேறி, காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் முகத்திலேயே செம்பழுப்புக் கறை படிந்திருக்கக் கண்டு அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. ஆகவே கம்பிகளை மெதுவாக நிமிர்த்திக் கழற்றி, பருத்தி நூலால் தைத்து, ஈரச் சுவரில் ஒட்டாதவாறு இதழ்களை உயரத்தில் வையுங்கள். வெயிலில் மட்டும் காயவிடாதீர்கள். மலிவான அச்சுத்தாள் மஞ்சளித்து நொறுங்கிவிடும்.

மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அங்கு சென்ற குடும்பமொன்றைச் சேர்ந்த என் பால்ய நண்பர், தலைமன்னாரில் கப்பலேறியபோது கொண்டுசென்ற இதழொன்றை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் கோத்தகிரியிலிருந்து அனுப்பியிருக்கிறார். அதன் உள்ளட்டையில், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரியோடு இருவரின் பெயர்களும் பென்சிலில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அதனையும் அன்று கொண்டு வருவேன்.

வருவோர் வெள்ளிக்கிழமைக்கு முன் குழுவில் அறியத்தாருங்கள்.