மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கியிருக்கிறார் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. எனக்கு வலக்கண்ணில் புரை நீக்கி ஒரு மாதம் முடிந்துவிட்டது. சொட்டு மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். இனிப் படிக்கலாம், பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, பல வருடங்களுக்கு முன்பு உன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து நாம் பார்த்த 'தி ஜுவல் இன் தி கிரவுன்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் பதினான்கு பகுதிகளையும் மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். அது முடிந்த மறுநாள் உன் கடிதம் வந்தது. ஆகவே இந்தப் பதில் முழுவதும் அதில் நடித்த ஆங்கில நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்டைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நாடகக் குழுவினர் உன்னைப் பாட்டி வேடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றும், அந்தப் பாட்டிக்கு மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி வசனம்தான் என்றும், மற்ற நேரமெல்லாம் மேடையின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு காலத்தில் கண்ணகியாக நின்று அரங்கத்தையே அதிர வைத்த உனக்கு இது ஓய்வு கொடுத்து அனுப்பும் வேடமாகத் தோன்றுகிறது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ நினைப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களை இந்த அம்மையாரின் வாழ்க்கையிலிருந்தே சொல்ல முடியும்.

அவர் பிறந்தது 1907 டிசம்பரில், லண்டனுக்குத் தெற்கே உள்ள கிராய்டனில். முதல் உலகப் போரில் தந்தையை இழந்தவர். 1926இல் பர்மிங்காம் ரெப்பர்டரி அரங்கில் முதல் வேடம். எதிரே நடித்தவர் ரால்ஃப் ரிச்சர்ட்சன். நான்கே ஆண்டுகளில், 1930இல், லண்டன் சவாய் அரங்கில் பால் ராப்சன் ஒத்தெல்லோவாக நடித்தபோது இவர் டெஸ்டிமோனா. ஒரு கறுப்பினக் கலைஞரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் மேடையில் கணவன் மனைவியாக நிற்பதைப் பொறுக்காதவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். இவருக்கு வசைக் கடிதங்கள் வந்தன. உலகில் என்ன நடக்கிறது என்பதற்குத் தன் கண்கள் திறந்தது அந்த நாடகத்தின்போதுதான் என்ற பொருளில் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. 1935இல் ஜான் கீல்குட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்'டில் இவர் ஜூலியட்டாக நடித்தார். அதில் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, மெர்குஷியோ வேடங்களைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி ஏற்றார்கள். செவிலித்தாய் எடித் எவன்ஸ். ஆங்கில நாடகம் படித்தவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள் என்பதால் இதில் நான் அதிகம் நிற்கவில்லை.

அதே 1935இல் வந்த ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தை மட்டும் நீ மறுபடி பார்க்க வேண்டும். அதில் ஒரு ஸ்காட்லாந்துக் குடியானவனின் இளம் மனைவியாக அவர் சில நிமிடங்களே வருகிறார். சந்தேகக்காரக் கணவன், தனித்த வீடு, தப்பி வந்திருக்கும் பட்டணத்து ஆள். பட்டணத்தைப் பற்றி அந்தப் பெண் கேட்கும் கேள்விகளிலேயே அவள் அங்கே எப்படி அடைபட்டுக் கிடக்கிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. இரவில் அவனைத் தப்ப வைக்கும்போது கணவனின் மேலங்கியை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அதற்காகப் பின்னால் அவள் அடி வாங்குவாள் என்பது நமக்குத் தெரியும். படத்தின் கதையைப் பாதி மறந்தவர்களுக்குக்கூட அந்த முகம் நினைவிருக்கிறது. மேடையில் ஜூலியட்டாக நின்றவர், இவ்வளவு சிறிய வேடத்தையும் அதே அக்கறையோடு செய்திருக்கிறார்.

நடுவயதில் நடிகைகளுக்கு வேடம் குறையும் என்று நீ எழுதியிருப்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும். ஆனால் இவர் 1957இல், நாற்பத்தொன்பது வயதில், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில், அவருடைய இளம் நாயகி ரோசலிண்டாக நடித்தார். 1960இல் இயக்குநர் பீட்டர் ஹால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவை உருவாக்கும் திட்டத்தோடு வந்தபோது, அதுவரை பெரிய நட்சத்திரங்கள் செய்யத் தயங்கிய ஒரு காரியத்தை முதலில் செய்தவர் இவர்தான்: ஒரு நாடகத்துக்கு மட்டும் வந்து போகாமல், குழுவோடு நீண்ட ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அவர் எடுத்த முடிவுகளிலேயே இதைத்தான் நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் அந்த ஒப்பந்தம் இல்லாமல் 1963இன் 'வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' வந்திருக்காது என்பது என் எண்ணம். ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகங்களையும் மூன்றாம் ரிச்சர்டையும் சேர்த்து மூன்று நாடகங்களாகச் சுருக்கிய அந்தப் பெரும் படைப்பில், பிரான்சிலிருந்து ஆறாம் ஹென்றிக்கு மணப்பெண்ணாக வரும் இளம் மார்கரெட்டாகத் தொடங்கி, எல்லாவற்றையும் இழந்து சாபமிடும் கிழவியாக முடிகிறார். வயது ஐம்பத்தைந்து. சிறைப்பட்ட யார்க் கோமகனின் தலையில் காகிதக் கிரீடத்தை வைத்து, அவன் மகனின் இரத்தத்தில் நனைத்த துணியை அவனிடமே கண்ணீர் துடைக்கக் கொடுக்கும் காட்சியை நீ பிபிசி பதிவில் பார். இவ்வளவு கொடூரத்தைச் செய்பவளிடமும் ஒரு மனித மனம் தெரிகிறது. கண்ணகியாக நடித்த உனக்கு அந்தச் சினத்தின் எடை தெரியும்.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான். வயது ஏற ஏற, அவரிடமிருந்து உடலையும் குரலையும் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ளும் வேடங்களை அவர் ஏற்றுக்கொண்டே போனார். 1975இல் சாமுவேல் பெக்கெட்டின் 'ஹேப்பி டேஸ்'. முதல் பாதியில் வின்னி இடுப்பளவு மண்மேட்டில் புதைந்திருக்கிறாள். கைகளும் ஒரு பையும் மட்டும் அவளுக்கு மிச்சம். பல் துலக்குகிறாள், கண்ணாடி பார்க்கிறாள், குடை விரிக்கிறாள். இரண்டாம் பாதியில் கழுத்துவரை புதைந்துவிடுகிறாள். கையும் போய்விட்டது, கண்ணும் வாயும்தான். அறுபத்தேழு வயதில் அதை ஏற்றார். அடுத்த ஆண்டு தேம்ஸ் நதிக்கரையில் நேஷனல் தியேட்டரின் புதிய லிட்டல்டன் அரங்கு திறந்தபோது அங்கே முதலில் நடந்ததும் இதே நாடகம்தான்.

பிறகு தொலைக்காட்சி. 1980இல் பிபிசிக்காக ஸ்டீபன் பொலியகாஃப் எழுதிய 'காட் ஆன் எ டிரெயின்' படத்தில், இரவு ரயிலில் ஒரு இளைஞனைப் பாடாய்ப் படுத்தும் வியன்னாக் கிழவி. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு ரயில் பெட்டியை ஆட்டி வைக்கிறாள். அதன் பின் 1984இல், நாம் பார்த்த 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொடரின் பார்பி பேச்சலர். ஓய்வு பெற்ற மிஷனரி ஆசிரியை, ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவள், யாரும் முழுதாகக் காது கொடுக்காத பேச்சு. அண்டியிருந்த வீட்டுத் தோழி இறந்ததும் அந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்படுகிறாள். வாழ்நாளின் நினைவுகளை எல்லாம் அடைத்து வைத்திருந்த அந்தத் தகர டிரங்குப் பெட்டியை டோங்காவில் ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்குகிறாளே, அந்தக் கனத்தால் வண்டி கவிழ்கிறதே, அந்த இடத்தில் அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதன் பின் பேச்சு போய்விடுகிறது. மணிக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய நமக்கு, மருத்துவமனை ஜன்னலருகே வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பார்பியைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. இந்த முறை பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன்: அந்த மௌனம் நம்மை அசைப்பதற்குக் காரணம், அதற்கு முன்பு அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும்தான்.

அதே 1984இல் டேவிட் லீன் இயக்கிய 'எ பேசேஜ் டு இந்தியா' படம் வந்தது; அதில் இவர் திருமதி மூர். தனக்கு எழுபத்தைந்து வயது என்று இவர் தயங்கியதாகவும், தனக்கும் அதே வயதுதான் என்று லீன் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நிலா வெளிச்சத்தில் மசூதிக்குள் நிற்கும் திருமதி மூர், கோபத்தோடு அதட்டும் டாக்டர் அஜீஸிடம் தான் செருப்பைக் கழற்றிவிட்டேன் என்று சொல்லும் அந்தச் சிறு காட்சியில், ஒரு நட்பு எப்படிப் பிறக்கிறது என்று பார். மராபார் குகைகளுக்கு அவர்கள் போகும் ரயில், நாம் கல்லூரிச் சுற்றுலாவில் போன நம்முடைய மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில்தான். அந்த வேடத்துக்காக 1985இல் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தபோது அவருக்கு எழுபத்தேழு வயது. அந்தப் பிரிவில் அவரைவிட மூத்தவர் யாரும் இதுவரை அதை வாங்கியதில்லை. விழாவுக்கு அவர் போகவில்லை. பழைய மேடைத் தோழர் மைக்கேல் ரெட்கிரேவ் சில நாட்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். ஆஞ்சலா லான்ஸ்பரி அவருக்காகப் பெற்றுக்கொண்டார்.

உன் பாட்டி வேடத்துக்கு மிக நெருக்கமானது 1989இல் பொலியகாஃப் எழுதி பீட்டர் ஹால் இயக்கிய 'ஷீஸ் பீன் அவே'. இளமையில் குடும்பத்துக்கு அடங்காதவள் என்பதற்காக மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் உறவினர் வீட்டுக்கு அழைத்துவரப்படும் லிலியன். பெரும்பாலும் பேசுவதே இல்லை. வீட்டார் அவளைப் பற்றி அவள் முன்னாலேயே பேசுகிறார்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கேட்கும் முகத்தை நம்பித்தான் படமே நிற்கிறது. எண்பத்தொன்று வயதில் செய்த அந்த வேடத்துக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருதை, உடன் நடித்த ஜெரால்டின் ஜேம்ஸோடு பகிர்ந்துகொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991 ஜூனில், காலமானார்.

ஆகவே உன் வசனத்தை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, மற்றவர்கள் பேசும்போது உன் பாட்டி யாரைப் பார்க்கிறாள், யாருடைய பேச்சில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று குறித்துக்கொண்டு வா. பிரதியை எனக்கு ஒரு நகல் அனுப்பு; இப்போது பெரிய எழுத்தாக இல்லாவிட்டாலும் படிக்க முடிகிறது. ஒத்திகை தொடங்கியதும், அந்த நாற்காலியில் உன் கைகளை எங்கே வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி